குக்கர் வெயிட்டைக் கட்டிவைக்காதே தம்பி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில், நம் பக்கத்துப் பள்ளி மாணவன் ஒருவன் வீட்டிலேயே நீராவி ரயில் எஞ்சின் செய்து மொட்டை மாடியில் ஓட்டிக் காட்டிய செய்தியைப் படித்தேன். படத்தை வெட்டி என் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். குக்கரைப் பாய்லராக்கி, சைக்கிள் பம்பைச் சிலிண்டராக்கி, தையல் மெஷின் சக்கரத்தைப் பிளைவீலாக்கி, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒரு எஞ்சினைத் தானாக நகர வைத்தான் என்றால் அது சின்ன விஷயம் இல்லை, அவன் கையைப் பிடித்துக் குலுக்கவேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் எழுதப்போவது எல்லாம் அவனைக் குறை சொல்வதுபோல் படலாம்.

எனக்குத் தூக்கம் போனது செய்தியின் நடுவில் வந்த ஒரு வரியால். "ஆவி பத்தாததால் குக்கர் வெயிட்டைக் கம்பியால் இறுகக் கட்டினேன், அப்புறம்தான் வேகம் வந்தது" என்று அவன் சொன்னதாகப் போட்டிருக்கிறீர்கள். படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூடியில் சேஃப்டி வால்வு இருக்கவேண்டிய ஓட்டையிலிருந்துதான் ஆவிக்குழாயை எடுத்திருக்கிறான். ஆக, வெயிட்டும் தூக்காது, சேஃப்டி வால்வும் கிடையாது, அடியில் விறகுக்கரி நெருப்பு. கீழே உங்கள் நிருபர் "இனி எந்த மாணவரும் இதை வீட்டிலேயே செய்யலாம்" என்று முடித்திருக்கிறார். ஐயா, தயவுசெய்து அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள்.

நான் யார் என்று கேட்பீர்கள். விக்கிரமசிங்கபுரம் பக்கத்து மில்லில் முப்பது வருடத்துக்கு மேல் ஃபிட்டர். வருடா வருடம் பாய்லரை நிறுத்தி, உள்ளே இறங்கிச் சுரண்டி, தண்ணீர் நிரப்பி, பிரஷர் ஏற்றி இன்ஸ்பெக்டருக்குக் காட்டும் கூட்டத்தில் நானும் ஒருவன். ஓய்வு பெற்றபின் அம்பாசமுத்திரத்தில் வீட்டுக்குப் பின்னால் மாட்டுத்தொழுவமாக இருந்த இடத்தில் ஒரு பழைய லேத்தைப் போட்டுக்கொண்டு, ஆறு வருடமாக ஒரு சின்ன நீராவி எஞ்சின் செய்தேன். எங்கள் ஊர் மரச் சொப்புக் கடைசலுக்குப் பேர்போன ஊர், அதனால் லேத் ஓடும் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. என் எஞ்சின் உண்மையிலேயே கரி போட்டு, ஆவி கிளம்பி, ஒரு ஆளை உட்காரவைத்து இழுக்கும். தண்டவாள அகலம் மூன்றரை அங்குலம், அதாவது 89 மில்லிமீட்டர். நம் செங்கோட்டை லைனில் 2008 கடைசிவரை இருந்த மீட்டர் கேஜைப் பதினோரு மடங்கு சுருக்கினால் ஏறக்குறைய இந்த அகலம் வரும்.

ஆசை என்னவோ அந்த மீட்டர் கேஜில் பாசஞ்சர் வண்டி இழுத்த ஒய்பி நீராவி எஞ்சின் மேல்தான். முன்னால் நாலு குட்டிச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் ரெண்டு. சின்னப் பிள்ளையில் ஸ்டேஷனில் நின்று அது மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூட மணியைக் கோட்டை விட்டவன் நான். ஆனால் முதல் முயற்சியிலேயே அதற்குப் போனால் ஆயுசு போதாது என்று தெரிந்து, நாலே நாலு சக்கரம் உள்ள ஒரு ஷண்டிங் எஞ்சினோடு, அதாவது ஸ்டேஷனுக்குள் பெட்டிகளை இழுத்துச் சேர்க்கும் எஞ்சினோடு, நிறுத்திக்கொண்டேன்.

சட்டமும் சக்கரமும் சிலிண்டரும் ரெண்டு வருடம் தின்றன. அதில் ஒரு கூத்து. ஒரு அச்சின் வலது சக்கரத்துக் கிராங்கும் இடது சக்கரத்துக் கிராங்கும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி இருக்கவேண்டும், இல்லையென்றால் எஞ்சின் ஏதாவது ஒரு இடத்தில் நின்றுவிட்டால் திரும்பக் கிளம்பாது. அந்த 90 என்பது மயிரிழை பிசகி 89 ஆனாலும் அவ்வளவு கெடுதல் இல்லை, ஆனால் எல்லா அச்சிலும் அதே 89 ஆக இருக்கவேண்டும். எனக்கு ஒன்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் அமைந்துவிட்டது. பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் இருந்து சிலிண்டருக்குக் காற்று கொடுத்து ஓட்டிப் பார்த்தால் சுற்றுக்கு ஒரு தடவை நொண்டுகிறது. சக்கரத்தைக் கழற்றி, மறுபடி அளந்து, மறுபடி பசை போட்டு ஏற்ற மூன்று மாதம். பஞ்சர் கடைத் தம்பி "இதுக்கு ஒரு சைக்கிள் வாங்கியிருக்கலாம்" என்றான். போகட்டும். நான் சொல்ல வருவது, அந்தத் தப்பால் எஞ்சின் நொண்டியது, அவ்வளவுதான். சக்கரத்தில் தப்பு செய்தால் வண்டி ஓடாது. பாய்லரில் தப்பு செய்தால் வண்டி நன்றாகவே ஓடும், ஒருநாள் வரைக்கும்.

என் பாய்லர் நாலு அங்குல விட்டம் உள்ள செம்புக் குழாய். பின்பக்கம் செம்புத் தகட்டில் நெருப்புப் பெட்டி, அதிலிருந்து புகைபோக்கிப் பக்கம் போகும் சின்னச் சின்னச் செம்புக் குழாய்கள். தகட்டின் ஓரத்தை மடக்க, புளியங்கட்டையில் அச்சு கடைந்து அதன்மேல் வைத்துத் தட்டவேண்டும். இரும்பு வேலையே பார்த்த எனக்குச் செம்பு புதிது. இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் முறுக்கேறும். செம்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் வெண்ணெய்போல் இளகிவிடுகிறது, தட்டத் தட்டத்தான் இறுகுகிறது, இறுகியதும் மறுபடி காய்ச்சவேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் பாத்திரம் அடிக்கும் கன்னார் ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர்.

இணைப்புகளுக்கு வெள்ளிப் பொடிதான், அதாவது வெள்ளி கலந்த பற்றுதான் போடவேண்டும். ரேடியோக்காரர்கள் வைக்கும் ஈயப் பற்று 200 டிகிரி வருவதற்குள் உருகிவிடும், என் பாய்லருக்குள் தண்ணீரே 160 டிகிரியைத் தாண்டும், அதை நம்பி நெருப்பு மூட்ட முடியுமா? வெள்ளிப் பற்று உருக 650 டிகிரி பக்கம் சூடு வேண்டும். தட்டார் வேலைதான், வெங்காரம் தடவி, பொடி வைத்து ஊதுவது. வெள்ளி விற்கிற விலையில், என் வீட்டில் கொலுசைக் காணோம் என்றால் முதலில் பாய்லரைத்தான் வந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு பற்றுக்கும் பிறகு கறுத்துப்போன செம்பைச் சுத்தம் செய்ய வெளிநாட்டுக்காரர்கள் நீர்த்த அமிலத்தில் ஊறப்போடுவார்கள். நான் புளி கரைத்த தொட்டியில் ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தேன், காலையில் திருவிழாக் குடம்போல் பளபளவென்று வந்தது. குழம்புக்குப் புளி இல்லை என்ற புகாரும் கூடவே வந்தது.

இங்கேதான் நான் சறுக்கினேன். பாய்லர் வளர வளர அதன் எடை கூடுகிறது, செம்போ சூட்டை ஓடஓட இழுத்துக்கொண்டு போகிற உலோகம். கடைசி இணைப்பு நெருப்புப் பெட்டியின் அடிவளையம். ஒரே ஒரு கேஸ் பர்னரை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். ஒருபக்கம் பொடி தண்ணீராய் ஓடியது, மறுபக்கம் மேலாக உருகி மணி மணியாய் உட்கார்ந்தது. பார்வைக்கு எல்லாம் ஒட்டின மாதிரிதான் இருந்தது. கன்னார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, குளத்தத் தீப்பெட்டி வச்சு சூடு பண்ணுதீய?" என்று கேட்டார். எனக்குக் கோபம். முப்பது வருட ஃபிட்டரிடம் சொல்கிற பேச்சா இது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சோதனை. இதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், பையன்கள் படிக்கவேண்டும். பாய்லரில் உள்ள எல்லா ஓட்டைகளையும் அடைத்துவிட்டு, மேலே இருக்கும் ஒன்றை மட்டும் திறந்து வைத்துக் குளிர்ந்த தண்ணீரைத் தளும்பத் தளும்ப நிரப்பவேண்டும். ஒரு குமிழி காற்றுகூட உள்ளே தங்கக்கூடாது, தங்கினால் அது அமுங்கிய ஸ்பிரிங் மாதிரி. அப்புறம் கடைசி ஓட்டையையும் அடைத்து, கைப்பம்பால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைத் திணிக்கவேண்டும். ஓடும்போது எவ்வளவு பிரஷர் இருக்குமோ அதற்கு இரண்டு மடங்கு. என்னுடையது சதுர சென்டிமீட்டருக்கு ஐந்தரை கிலோ, ஆகவே பதினோரு கிலோ வரை ஏற்றி, இருபது நிமிடமாவது நிறுத்தி வைத்து, பிரஷர் காட்டும் கேஜின் முள் இறங்குகிறதா, எங்காவது வியர்க்கிறதா, தட்டையான இடம் எதுவும் உப்புகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும்.

நாலு கிலோ, ஆறு கிலோ, எட்டு கிலோ, எல்லாம் சரி. ஒன்பதைத் தொடும்போது பட்டறைக்குள் விறகு முறிகிற மாதிரி ஒரு "டக்". முள் விழுந்து பூஜ்யத்தில் கிடந்தது. என் இடது கால் செருப்பு நனைந்தது. அடிவளையத்தில் விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது, பொடி உள்ளே இறங்கவே இல்லை, வெங்காரம் மட்டும் கண்ணாடி மாதிரி உறைந்து நின்றது. வெளியே வந்த தண்ணீர் ஒரு டம்ளர்கூட இருக்காது. தண்ணீர் அமுங்காது, அதனால் உடைந்த அந்த நொடியே அதன் வேகம் தீர்ந்துபோகிறது.

அதே இடம், ஆவியோடு, ஓடிக்கொண்டிருக்கும்போது பிளந்திருந்தால்? கணக்கு போட்டுப் பார்த்தேன், பார்த்திருக்கக்கூடாது. பாய்லருக்குள் ஐந்தரை கிலோ பிரஷரில் தண்ணீர் 161 டிகிரி வரை கொதிக்காமல் கிடக்கும், பிரஷர்தான் அதை அமுக்கிப் பிடித்திருக்கிறது. பிடி விட்டதும் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு நொடியில் ஆவியாகும். என் பாய்லரில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட 250 லிட்டர் ஆவி, ஒரு எண்ணெய் டிரம்மை நிரப்பி வழியும் அளவு, உட்கார்ந்து ஓட்டுகிற என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில்.

குக்கருக்கு வருவோம். குக்கர் நல்ல சாமான், நான் அதை எதிர்க்கவில்லை. கம்பெனிக்காரன் கொடுத்த வெயிட்டோடு அது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ பிரஷரில் வேலை செய்கிறது, 121 டிகிரி. மூடியின் விட்டம் 20 செ.மீ. என்று வைத்தால் பரப்பு 314 சதுர செ.மீ., ஆக மூடியை மேலே தள்ளும் விசை 314 கிலோ. சாம்பார் கொதிக்கும் ஒவ்வொரு நாளும் நாலு மூட்டை அரிசியின் பாரம் அந்த மூடியைத் தூக்கப் பார்க்கிறது. வெயிட்டைக் கட்டிவிட்டால் இது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்தப் பையன் கேஜும் பொருத்தவில்லை. மூன்று கிலோ ஆகியிருந்தால் ஒரு டன்னை நெருங்கும். இதில் இன்னொன்று. குக்கர் அலுமினியம், 660 டிகிரியில் உருகிவிடும், அதற்கு எவ்வளவோ முன்பே வலு குறையத் தொடங்கிவிடும். ஊதி எரியும் கரி நெருப்பு அதைவிடச் சூடு. தண்ணீர் இருக்கிறவரைதான் அது பாத்திரம். தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கண்ணாடிக் குழாயும் படத்தில் இல்லை.

வெயிட்டைக் கட்டிய முதல் ஆள் நம் பையன் இல்லை. அமெரிக்காவில் 1830-இல் 'பெஸ்ட் ஃப்ரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்' என்று ஒரு எஞ்சின் ஓடத் தொடங்கியது. அடுத்த வருடம் ஜூன் மாதம், சேஃப்டி வால்வு சீறுகிற சத்தம் பிடிக்காமல் ஃபயர்மேன் அதை அமுக்கி மூடி வைத்துவிட்டான். பாய்லர் வெடித்தது. அவன் உயிரும் போனது. அந்தச் சீறல் சத்தம் எனக்கு இப்போது எம்.எஸ். அம்மா பாட்டு மாதிரி. கேட்டால்தான் நிம்மதி.

சரி, என் பாய்லர் என்ன ஆனது? கன்னார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்காத குறையாக நின்றேன். அவர் சிரிக்கவில்லை, அது பெரிய மனசு. இரண்டு பேருமாகச் செங்கல்லால் கூடு கட்டி, பாய்லரை உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் பெரிய பர்னர் கொடுத்து, முழுச் செம்பும் மங்கலாகச் சிவக்கும்வரை காத்திருந்து பொடியைத் தொட்டால், தொட்ட இடத்திலிருந்து வளையம் முழுக்க ஒரே கோடாக ஓடியது. பத்து நிமிட வேலை. இரண்டாம் தடவை பதினோரு கிலோவில் அரைமணி நேரம் முள் அசையவில்லை. நெருப்புப் பெட்டியின் பக்கச் சுவர் 10க்கு 12 செ.மீ., ஓடும் பிரஷரில் அதன் மேல் 660 கிலோ, ஒரு பழைய மாருதி 800 ஏறி நிற்கிற மாதிரி. வட்டக் குழாய் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும், தட்டைச் சுவர் தாங்காது, அதனால் உள்சுவரையும் வெளிச்சுவரையும் வரிசையாக ஸ்டே, அதாவது குறுக்குக் கம்பி போட்டுப் பிடித்திருக்கிறேன். ஸ்டே இல்லாத தட்டைத் தகடு எதையும் பாய்லர் என்று நம்பாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இது அனுபவசாலிகளுக்கும். வால்வு, கேஜ் எல்லாம் திருகும் புஷ்களைப் பித்தளையில் கடையாதீர்கள். கொதிநீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் மெல்ல மெல்லக் கரைந்து போய், மிச்சம் இருப்பது செங்கல் நிறத்தில் கடற்பஞ்சு மாதிரி ஆகிவிடும். மரை பிடித்திருப்பதுபோலவே தெரியும், ஒருநாள் கையோடு வந்துவிடும். வெள்ளீயம் கலந்த செம்பான கன்மெட்டல் போடுங்கள், பழைய இரும்புக்கடையில் பம்பு புஷ் கிடைக்கும்.

ஓடிய கதையைச் சுருக்கமாக. தண்ணீருக்கு ஆற்று நீரோ மழைநீரோதான், போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு படிந்துவிடும். எரிக்க முதலில் சீமைக் கருவேலக் கரி போட்டேன், நம் பக்கம் அதற்கா பஞ்சம்? ஆனால் லேசான கரி, சிலிண்டரிலிருந்து ஆவி புகைபோக்கி வழியாக அடிக்கும்போது பொறிப் பொறியாகப் பறந்து, பக்கத்து வீட்டு மாடியில் காய்ந்த கூழ்வத்தலில் போய் உட்கார்ந்தது. ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது கல் கரி. முப்பதடித் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓட்டுகிறேன். முதல் நாளே செய்த வேலை என்ன தெரியுமா, எஞ்சினை நிறுத்தி, நெருப்பை முழு வேகத்தில் ஊதவிட்டு, சேஃப்டி வால்வு ரெண்டும் தூக்கியபின் முள் பத்துச் சதவிகிதத்துக்கு மேல் ஏறுகிறதா என்று பார்த்தது. ஏறவில்லை. ஏறியிருந்தால் வால்வு சின்னது என்று அர்த்தம், ஓட்டவே கூடாது.

இனி என் மனக்குறை. கொதிகலன் சட்டம் 1923-இல் வந்தது, 2025-இல் புதிதாக எழுதினார்கள். 25 லிட்டர் கொள்ளாத பாத்திரத்தை அது பாய்லராகவே கணக்கில் எடுப்பதில்லை. அது நியாயம்தான், வீட்டு வேலைக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் வரமுடியாது. ஆனால் இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் ஊர் ஊருக்குச் சங்கம் வைத்துக்கொண்டு, சங்கத்திலேயே சோதிக்கத் தெரிந்த ஆளை நியமித்து, சான்றிதழ் இல்லாத பாய்லரைத் தண்டவாளத்தில் ஏறவே விடுவதில்லை. அங்கே 1898-இலேயே இதற்கென்று தனிப் பத்திரிகை தொடங்கிவிட்டார்கள். இங்கே நான் என் பாய்லரைத் தூக்கிக்கொண்டு ஒரு கல்வி நிறுவனத்துக்குப் போனேன். கேஜ் சரியாகக் காட்டுகிறதா என்று அவர்களுடைய கேஜோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அனுமதி கேட்டேன். நான் எந்தத் துறை, எந்த வருடம் என்று கேட்டார்கள். பாய்லரை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு பஸ் ஏறினேன். கடைசியில் மில்லில் கூட வேலை பார்த்த பழைய சிநேகிதர்தான் உதவினார்.

கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் 1987-லிருந்து இருக்கிறது. எத்தனையோ பள்ளிப் பிள்ளைகள் வந்து போகிற இடம். அங்கே ஒரு கைப்பம்பும் சரிபார்த்த ஒரு கேஜும் வாங்கி வைத்து, மாதத்தில் ஒரு சனிக்கிழமை, யார் எந்தச் சின்னப் பாய்லர் கொண்டுவந்தாலும் தண்ணீரில் சோதித்துக் கொடுத்தால் என்ன? ஐ.டி.ஐ.க்களிலும் செய்யலாம். பெரிய செலவு கிடையாது. ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், பஸ் காசுகூட வேண்டாம். இந்த ஜில்லாவில் மில்லிலும் ரயில்வேயிலும் பாய்லரோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஞாயிறு இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், குக்கர் வெயிட்டைக் கட்டக்கூடாது, சேஃப்டி வால்வு ஓட்டையை வேறெதற்கும் எடுக்கக்கூடாது, தண்ணீர்ச் சோதனை முடியாத எதற்கும் நெருப்பு மூட்டக்கூடாது, பாய்லரைக் காற்றடித்துச் சோதிக்கவே கூடாது என்று நாலு வரி போடுங்கள். செய்தியைப் பார்த்துவிட்டு இன்னும் எத்தனை வீட்டில் குக்கர் மாடி ஏறியிருக்கிறதோ.

அந்தத் தம்பிக்கும் ஒரு சேதி சொல்லிவிடுங்கள். குக்கரை முதலில் அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கட்டும், புது சேஃப்டி வால்வு வாங்கிப் போட்டு. என்னிடம் நாலு அங்குலச் செம்புக் குழாய் ஒன்றரை அடி மிச்சம் கிடக்கிறது, கன்னாரும் நல்ல உடம்போடு இருக்கிறார். என் முகவரியை உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கிறேன். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரட்டும். பழைய சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், சோதனை நாளில் நனையாமல் என் பட்டறையிலிருந்து யாரும் திரும்பியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர்,
அம்பாசமுத்திரம்.